எந்தொலே: ‘கற்பனை’, ‘கட்டளை’ ஆகியவற்றின் பின்னால் இருக்கும் கிரேக்கச் சொல்

‘நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்’ என்கிறது யோவான் 14:15. புதிதாக வாசிப்பவர்கள் இங்கே ‘கற்பனை’ என்ற சொல்லில் தயங்கி நிற்பது இயல்பு. இன்றைய தமிழில் கற்பனை என்றால் மனத்தில் புனைவது. முன்பு அதற்கு விதி, கட்டளை என்ற பொருளும் இருந்தது. சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு அந்தப் பொருளில்தான் அதைக் கையாள்கிறது. பத்துக் கற்பனைகள் என்ற வழக்கும் அப்படி வந்ததே. 1995-இல் வெளியான திருவிவிலியம் இதே வசனத்தில் ‘கட்டளைகள்’ என்கிறது. இரண்டுக்கும் மூலமான கிரேக்கச் சொல் ஒன்றே: எந்தொலே.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் எழுபதுக்குச் சற்றுக் குறைவான இடங்களில் வருகிறது. சொல்லளவில் எளியதுதான். ஆனால் ‘சட்டம்’ என்ற சொல்லோடு இதைக் கலந்துவிட்டால் பவுலும் யோவானும் எழுதியவற்றில் பாதி குழம்பிப்போகும்.

சொல்லின் உருவம்

எந்தொலே பெண்பால் பெயர்ச்சொல். அழுத்தம் கடைசி அசையில் விழும். பன்மை எந்தொலாய். கிரேக்கத்துக்கு அடியில் பொருள் அச்சிட்ட வரிக்குவரி பதிப்பை வைத்துக்கொண்டு படிப்பவர்கள், வேற்றுமைக்கு ஏற்ப முடிவு மாறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ‘எந்தொலேன்’ என்றால் ‘கட்டளையை’. ‘எந்தொலாஸ்’ என்றால் ‘கட்டளைகளை’. ‘எந்தொலேஸ்’ ஒருமையில் ‘கட்டளையின்’, ‘எந்தொலோன்’ பன்மையில் ‘கட்டளைகளின்’. வேதாகமத்தின் மூலமொழிச் சொற்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் ஸ்ட்ராங் ஒத்தவாக்கிய அகராதியில் இதன் எண் 1785. பழங்காலக் கிரேக்கத்தைக் கற்பிப்பவர்கள் ‘த’வை வன்மையாக ஒலிப்பார்கள், இன்றைய கிரேக்கர்கள் தமிழின் ‘ந்த’ போலவே மெலித்து, கடைசி எழுத்தை ‘லி’ என்பார்கள். எந்த ஒலிப்பானாலும் பொருளுக்குக் கேடில்லை.

பெயர்ச்சொல் பிறந்தது எந்தெல்லொமாய் என்ற வினையிலிருந்து (எண் 1781). ஒருவரிடம் ஒன்றைச் செய்யச் சொல்லி ஒப்படைப்பது, பணிப்பது என்று அதற்குப் பொருள். மத்தேயு 28:20-இல் ‘நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும்’ என்ற இடத்தில் இருப்பது இந்த வினைதான். பெயரை மட்டும் தேடிவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் இத்தகைய இடங்களைத் தவறவிடுகிறார்கள். யோவான் 15-ஆம் அதிகாரத்தில் 10, 12 வசனங்களில் பெயர், 14, 17 வசனங்களில் வினை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பேச்சின் ஓட்டம் பிடிபடும்.

யார், யாருக்கு, எதை

எந்தொலே வேதாகமத்துக்கென்று உருவான சொல் அன்று. அரசன் படைத்தலைவனுக்கு இட்ட உத்தரவும் எந்தொலேதான். எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் அதிகாரிகளின் உத்தரவுகளுக்கும், ஒருவர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் பொறுப்புக்கும் இது வருகிறது. புதிய ஏற்பாட்டிலும் இந்தச் சாதாரணப் பயன்பாடு உண்டு. லூக்கா 15:29-இல் மூத்த மகன் தகப்பனிடம், ‘ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்’ என்று குமுறுகிறான். அங்கே பேச்சு வீட்டில் அப்பா சொல்லும் வேலைகளைப் பற்றியது. அப்போஸ்தலர் 17:15-இல் சீலாவும் தீமோத்தேயுவும் சீக்கிரம் வரவேண்டும் என்று பவுல் சொல்லியனுப்பிய செய்தி ஓர் எந்தொலே. கொலோசெயர் 4:10-இல் மாற்கைக் குறித்துச் சபைக்கு முன்பே கிடைத்திருந்த அறிவுறுத்தல்களும் எந்தொலாய். யோவான் 11:57-இல் இயேசு இருக்கும் இடம் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்க வேண்டும் என்று பிரதான ஆசாரியர்கள் போட்ட உத்தரவும் இதே சொல்.

இவற்றில் பொதுவாக நிற்பது ஒன்று. கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், பெறுபவர் ஒருவர் இருக்கிறார், இன்னது செய் அல்லது செய்யாதே என்ற குறிப்பான உள்ளடக்கம் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் சட்டப் புத்தகமும் இருக்கும், ஆணைகளும் இருக்கும். ஆணையின் தலைப்பில் அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு பெயர்கள் இல்லாமல் போகாது. எந்தொலே அந்த ஆணையைச் சேர்ந்தது. சொன்னவரைக் கழித்துவிட்டு அதை வெறும் விதியாக வாசித்தால் சொல்லின் உயிர் போய்விடும். தொடக்க வாசகர் இந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கத் தொடங்கும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நொமொஸ் வேறு

சட்டத்துக்கான கிரேக்கச் சொல் நொமொஸ் (எண் 3551). பழைய மொழிபெயர்ப்பு இதைப் பெரும்பாலும் ‘நியாயப்பிரமாணம்’ என்கிறது. எபிரெயத்தின் ‘தோரா’வுக்கு இணையாகக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் வைத்த சொல் இது. எந்தொலே பெரும்பாலும் ‘மிட்ஸ்வா’வுக்கு இணை. மிட்ஸ்வாவும் ‘கட்டளையிடு’ என்ற வினையிலிருந்து பிறந்ததே. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய செப்துவஜிந்து என்ற, எபிரெய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இணைகள் உருவாயின; புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் அந்தப் பழக்கத்திலேயே எழுதினார்கள்.

இரண்டு சொற்களின் உறவைக் காட்ட மத்தேயு 22:36-ஐ விடத் தெளிவான இடம் இல்லை: ‘போதகரே, நியாயப்பிரமாணத்திலே எந்தக் கற்பனை பிரதானமானது?’ நொமொஸ் முழுத் தொகுதி. எந்தொலே அதற்குள் இருக்கும் ஒரு தனிக் கட்டளை. கேள்வியின் பின்னணியும் யூதர்களிடையே உண்மையானது. தோராவில் 613 கட்டளைகள், அவற்றில் ‘செய்’ என்பவை 248, ‘செய்யாதே’ என்பவை 365 என்ற கணக்கு யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான பிற்காலத் தல்மூதில் ரபி சிம்லாயின் பெயரில் பதிவாகியிருக்கிறது. இயேசு காலத்தில் அந்த எண் நிலைத்திருந்தது என்று இதை வைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் பல கட்டளைகளில் எது எடை மிகுந்தது என்று கேட்பது அந்த மரபுக்குப் பழக்கமானது. இயேசு உபாகமம் 6:5-ஐயும் லேவியராகமம் 19:18-ஐயும் எடுத்துப் பதில் சொல்கிறார்.

ரோமர் 7-இல் இந்த வேறுபாட்டின் மேல்தான் பவுலின் வாதமே நிற்கிறது. 8 முதல் 13 வரையான ஆறு வசனங்களில் எந்தொலே ஆறுமுறை வருகிறது. பேச்சு நியாயப்பிரமாணம் முழுவதையும் பற்றியதுதான். ஆனால் அவர் கையில் எடுப்பது ‘இச்சியாதிருப்பாயாக’ என்ற ஒரே கட்டளை. ஏன் அதை? கொலையும் களவும் வெளியே தெரியும் செயல்கள்; இச்சை உள்ளுக்குள் நடப்பது. வெளி ஒழுக்கத்தில் குறையில்லாதவரையும் அந்த ஒற்றைக் கட்டளை பிடித்துவிடுகிறது. 12-ஆம் வசனத்தில் ‘நியாயப்பிரமாணம் பரிசுத்தமுள்ளதுதான், கற்பனையும் பரிசுத்தமாயும் நீதியாயும் நன்மையாயும் இருக்கிறது’ என்று இரண்டையும் தனித்தனியே சொல்வதற்குக் காரணம் அதுவே. இரண்டும் ஒரே பொருள் என்று நினைத்துப் படித்தால், பவுல் சொன்னதையே திருப்பிச் சொல்வதுபோலத் தோன்றும்.

‘பத்துக் கட்டளைகள்’ என்பதில் ஒரு நுட்பம்

இன்றைய கிரேக்கத்தில் பத்துக் கட்டளைகளுக்குத் ‘தேகா எந்தொலேஸ்’ என்றே பெயர். மூலத்தில் அப்படி இல்லை. யாத்திராகமம் 34:28, உபாகமம் 4:13, 10:4 ஆகிய மூன்று இடங்களிலும் எபிரெயம் ‘பத்து வார்த்தைகள்’ என்கிறது. செப்துவஜிந்தும் யாத்திராகமம் 34:28-இல் ‘தேகா லொகூஸ்’, அதாவது பத்து வார்த்தைகள், என்று அப்படியே பெயர்த்தது. யாத்திராகமம் 20:6-இல் ‘என் கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறவர்கள்’ என்ற இடத்தில் எபிரெயத்தில் மிட்ஸ்வா இருக்கிறது. கிரேக்கத்தில் எந்தொலே இல்லை, ‘புரொஸ்தக்மா’ என்ற வேறு சொல். ஆக, இணை என்பது பெரும்பாலும் பொருந்துவது, எப்போதும் பொருந்துவது அன்று. புதிய ஏற்பாட்டுக்கு வரும்போது பத்தில் ஒவ்வொன்றையும் எந்தொலே என்பது இயல்பாகிவிட்டது. எபேசியர் 6:2, தாய் தகப்பனைக் கனம்பண்ணுவதை ‘வாக்குத்தத்தமுள்ள முதலாங்கற்பனை’ என்கிறது. (அது ஐந்தாவதா நான்காவதா என்பது நீங்கள் எந்தச் சபையின் எண்ணிக்கையில் கற்றீர்கள் என்பதைப் பொறுத்தது, கத்தோலிக்கரும் லுத்தரன்களும் நான்காவது என்பார்கள்.)

யோவானிடம் சொல் அடையும் ஆழம்

புதிய ஏற்பாட்டின் எந்தொலே இடங்களில் ஐந்தில் இரண்டு பங்கு யோவானின் பெயரில் வழங்கும் நூல்களில் இருக்கிறது: நற்செய்தியில் 10, முதல் நிருபத்தில் 14, மிகச் சிறிய இரண்டாம் நிருபத்தில் 4. மூன்று நிருபங்களிலும் நொமொஸ் ஒருமுறைகூட இல்லை. இது கவனித்துப் பார்க்கத் தக்கது. கட்டளையைப் பற்றி இவ்வளவு பேசுபவர் அந்த நிருபங்களில் சட்டத்தின் பெயரையே எடுக்கவில்லை. அவருக்கு எந்தொலே இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் உறவுக்குள் நிற்கிறது.

இதற்கு அடிப்படை நற்செய்தியிலேயே போடப்படுகிறது. இயேசு கட்டளை கொடுப்பவராக வருவதற்கு முன் கட்டளை பெற்றவராக வருகிறார். 10:18-இல் தம் ஜீவனைக் கொடுப்பதைப் பற்றி, ‘இந்தக் கட்டளையை என் பிதாவினிடத்தில் பெற்றுக்கொண்டேன்’ என்கிறார். 12:49-இல் தாம் பேசவேண்டியதைப் பிதாவே கட்டளையிட்டார் என்கிறார். அடுத்த வசனம் அந்தக் கட்டளை நித்திய ஜீவன் என்கிறது. ஒருவர் சார்பில் அனுப்பப்பட்டவருக்குக் கொடுக்கப்படும் பொறுப்பு என்று பாப்பிரஸ் ஏடுகளில் பார்த்த பொருள் இங்கே அருகில் நிற்கிறது. அதன் பிறகுதான், 13:34-இல், சீடர்களுக்குப் ‘புதிதான கட்டளை’ வருகிறது. 15:10 இரண்டையும் ஒன்றாக வைக்கிறது: நான் என் பிதாவின் கற்பனைகளைக் கைக்கொண்டு அவர் அன்பில் நிலைத்திருப்பதுபோல நீங்களும். அன்பைக் கட்டளையாக இடமுடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. யோவானின் விடை இந்த வரிசையில் இருக்கிறது: சீடர்களிடம் கேட்கப்படுவது, கேட்பவர் தாமே முதலில் செய்துகொண்டிருப்பது.

13:34-இன் லத்தீன் வடிவம் ‘மாந்தாத்தும் நொவும்’ என்று தொடங்கும். பெரிய வியாழனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘மாண்டி’ என்ற பெயர் இந்த மாந்தாத்துமிலிருந்து வந்தது.

ஒருமை பன்மையை யோவான் பயன்படுத்தும் விதத்தையும் பாருங்கள். 1 யோவான் 3:22-இல் ‘கற்பனைகள்’ பன்மை. 23-இல் ‘அவருடைய கற்பனை’ ஒருமை. 24-இல் மறுபடி பன்மை. அந்த ஒருமைக்குள் குமாரன்மேல் விசுவாசம், ஒருவரிலொருவர் அன்பு என்று இரண்டு செயல்கள் உள்ளன. இரண்டையும் பிரிக்க முடியாத ஒரே கட்டளையாக அவர் காண்கிறார். ஒருமை வந்தால் ஒரே ஒரு விதிதான் என்று முடிவு கட்டிவிடக்கூடாது என்பதற்கு இது சான்று. 2 பேதுரு 2:21-இன் ‘பரிசுத்த கற்பனை’ இன்னும் விரிந்தது. பெற்றுக்கொண்ட போதனை முழுவதையும் அந்த ஒருமை தாங்குகிறது.

கைக்கொள்ளுதல்

யோவானில் எந்தொலேயோடு வழக்கமாக வரும் வினை தேரெயோ. காத்துவைத்தல், காவல் காத்தல் என்பது அதன் அடிப்படை. கானாவூரில் நல்ல திராட்சரசத்தை இதுவரை ‘வைத்திருந்தீரே’ என்ற இடத்திலும் (2:10), பிலிப்பியில் சிறைக்காரன் கைதிகளைப் பத்திரமாகக் காக்கும் இடத்திலும் (அப். 16:23) இதே வினை. கீழ்ப்படிதல் இதற்குள் அடங்கும். அதோடு, பெற்றதை இழந்துவிடாமல் காத்துக்கொள்வது என்ற சாயலும் உண்டு. தமிழின் ‘கைக்கொள்’ இதற்கு மிக நல்ல தேர்வு.

தொடக்கத்தில் பார்த்த 14:15-இல் இந்த வினையின் வடிவமே கையெழுத்துப் பிரதிகளில் மாறுபடுகிறது. சிலவற்றில் ‘தேரேசாத்தெ’: கைக்கொள்ளுங்கள் என்ற ஏவல். சிலவற்றில் ‘தேரேசெத்தெ’: கைக்கொள்வீர்கள் என்ற எதிர்காலம். ஓர் எழுத்துதான் வேறுபாடு. பழைய மொழிபெயர்ப்பு முதலாவதைப் பின்பற்றிக் ‘கைக்கொள்ளுங்கள்’ என்கிறது. திருவிவிலியம் இரண்டாவதைப் பின்பற்றிக் ‘கடைப்பிடிப்பீர்கள்’ என்கிறது. இன்றைய ஆய்வுப் பதிப்புகள் எதிர்காலத்தைத்தான் பாடமாக ஏற்றிருக்கின்றன. இரண்டு தமிழ் வேதாகமங்களை வைத்துக்கொண்டு எது தவறு என்று வாதிடுவோர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மொழிபெயர்ப்பாளர் எவரும் இங்கே பிழை செய்யவில்லை, கையில் இருந்த மூலம் வேறு.

வழக்கமாக நேரும் பிழைகள்

மிகப் பரவலானது, தமிழில் ‘கற்பனை’ அல்லது ‘கட்டளை’ என்று கண்ட இடமெல்லாம் எந்தொலே என்று எண்ணுவது. லூக்கா 2:1-இல் ‘அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது’ என்பதில் இருப்பது தொக்மா, அரசு அறிவிப்பு. 1 தீமோத்தேயு 1:5-இன் ‘கற்பனையின் பொருள்’ என்பதில் இருப்பது பராங்கெலியா, அறிவுறுத்தல். மத்தேயு 15 இன்னும் கவனம் கேட்கும் இடம். 3-ஆம் வசனத்தில் ‘தேவனுடைய கற்பனை’, 9-ஆம் வசனத்தில் ‘மனுஷருடைய கற்பனைகள்’ என்று தமிழில் ஒரே சொல். கிரேக்கத்தில் முதலாவது எந்தொலே, இரண்டாவது எந்தால்மா. எந்தால்மா புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது, மூன்றும் மனிதர் விதித்தவை பற்றியவை. அதற்காக, எந்தொலே என்றாலே தேவனுடையது என்று திருப்பிப் போடவும் கூடாது. தீத்து 1:14 மனிதரின் கட்டளைகளையும் எந்தொலே என்கிறது.

அடுத்தது வேர்ச்சொல் பிழை. எந்தொலேயைத் ‘தெலொஸ்’ (முடிவு, இலக்கு) என்ற சொல்லோடு இணைத்து, ‘இலக்கை நோக்கிய கட்டளை’ என்று விளக்கும் குறிப்புகள் நிறையப் பரவியிருக்கின்றன. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் மூத்த மகன் தகப்பனின் எந்தொலேயைப் பற்றிப் பேசும்போது இலக்கு எதுவும் அவன் மனத்தில் இல்லை. ஒரு சொல்லின் பொருளை, அந்தக் காலத்து மக்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் தீர்மானிக்கும். அகராதியில் உள்ள எல்லாப் பொருள்களையும் ஒரே வசனத்தில் கொட்டுவதும் இதே வகைப் பிழை.

நீங்களே செய்து பார்க்க

ஒத்தவாக்கிய அகராதியோ எண்ணிட்ட வேதாகமச் செயலியோ இருந்தால் போதும். கிரேக்கம் கற்றிருக்க வேண்டியதில்லை. வசனத்தின் எண் 1785-தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு கொடுப்பவர் யார், பெறுபவர் யார், உள்ளடக்கம் அருகிலேயே சொல்லப்பட்டிருக்கிறதா என்று எழுதுங்கள். பெரும்பாலும் முன்பின் மூன்று வசனங்களுக்குள் அது கிடைத்துவிடும். அதன்பின் ஒருமையா பன்மையா, உடன் வரும் வினை எது, எதிர்நிலையில் வேறு சொல் ஏதாவது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாற்கு 7:8-இல் எதிரே நிற்பது ‘பராதொசிஸ்’, பாரம்பரியம்; அந்த எதிர்நிலை தெரியாமல் அப்பகுதி புரியாது.

பயிற்சிக்கு 1 கொரிந்தியர் 7 மிகப் பொருத்தம். 6, 25 வசனங்களில் எபித்தகே, அதிகாரத்தோடு இடும் ஆணை: திருமணமாகாதவர்களைக் குறித்து ஆண்டவரிடமிருந்து எனக்கு அப்படி ஒன்று இல்லை என்கிறார் பவுல். 10-இல் பராங்கெல்லோ என்ற வினை, இதைச் சொல்வது நானல்ல, கர்த்தரே என்ற குறிப்போடு. 17-இல் தியாதாஸ்ஸொமாய், சபைகளுக்கெல்லாம் அவர் செய்யும் ஒழுங்கு. 19-இல் எந்தொலே: விருத்தசேதனம் ஒன்றுமில்லை, ‘தேவனுடைய கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறதே காரியம்’. விருத்தசேதனமே தோராவின் கட்டளைகளில் ஒன்று என்பதை நினைத்தால் இந்த வாக்கியம் எவ்வளவு துணிச்சலானது என்பது தெரியும். அதை முடித்தபின் எபேசியர் 2:15-க்குப் போங்கள். அங்கே நொமொஸ், எந்தொலே, தொக்மா மூன்றும் ஒரே தொடரில் அடுக்கி வருகின்றன: கட்டளைகளால் ஆன சட்டம், அந்தக் கட்டளைகள் ஆணைகளின் வடிவில். மூன்றையும் தனித்தனியே கண்டவர்களுக்கு அந்த அடுக்கு இனி ஒரே பொருளின் மூன்று பெயர்களாகத் தோன்றாது.